அண்ணன் பெயரில் ஒரு கையெழுத்து

கையெழுத்து சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. வெளியிலிருந்து எந்த மென்பொருள் வந்தாலும், தயாரித்தவரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சோதித்த பிறகே உள்ளே விடுவேன். இடையில் யாராவது ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது.

இன்று வந்தது குழந்தைகள் வார்டுக்கு மருந்தின் அளவைக் கணக்கிடும் புரோகிராம். பழையதில், எடை குறைந்த குழந்தைகளுக்குத் தப்பாகக் கணக்கு வந்தது. நர்ஸ்கள் ஒரு மாதமாகக் கையால் கணக்குப் போட்டு அல்லாடுகிறார்கள்.

கையெழுத்து: செல்லும்.

வெளியிட்டவர்: என் அண்ணன்.

நேரம்: நேற்று மாலை நான்கு பத்து.

அண்ணன் இறந்து பத்தொன்பது நாளாகிறது.

இன்னொரு கம்ப்யூட்டரில் சோதித்தேன். அதே பெயர், அதே நேரம். இந்தப் புரோகிராமை அவன் வீட்டிலிருந்தே எழுதிவந்தான். அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. நேரத்தைப் பதிவது எங்கோ இருக்கும் ஒரு சர்வர்.

கையெழுத்துப் போட பென்டிரைவ் மாதிரி ஒரு சாவி உண்டு. அதற்கொரு கடவுச்சொல். ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். "எனக்கே தெரியாது" என்று சிரித்து மழுப்பிவிட்டான்.

சாவியை யாராவது திருடிவிட்டார்களா? உள்ளே விட்டால் எந்தக் குழந்தைக்கு என்ன ஆகுமோ. விடாவிட்டால் களைத்துப்போன நர்ஸ்களின் கைக்கணக்கு.

"என்னம்மா, போடலாமா வேண்டாமா?" வார்டின் தலைமை நர்ஸ் வாசலில் நின்றார்.

ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன்.

அண்ணி அதிகம் பேசமாட்டார். அண்ணன் கம்ப்யூட்டர் அறைக்குள் போனால் அவரும் கூடவே போய்விடுவார். கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகியும் ஒட்டிக்கொண்டே திரிகிறார்கள் என்று அம்மா கேலி செய்வாள்.

"அண்ணி, அண்ணனோட சாவி பத்திரமா இருக்கா? யாரோ அவன் பேர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எடை ரெண்டரைக் கிலோவுக்குக் கீழ போனா தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளி விழுது" என்றார் அண்ணி. "தப்பு அதுதான். அவர் இருக்கும்போதே கண்டுபிடிச்சிட்டேன். எழுதி முடிக்கத்தான் நாளாயிடுச்சு."

"எழுதினது நீங்களா, அண்ணி?" என்றேன்.

"எப்பவும் நான் எழுதுறதுதான். பேர் மட்டும் அவரோடதா இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். ஆனா இந்தத் தடவை வாசிச்சுக் காட்டப் பக்கத்துல ஆள் இல்ல. நீ ஒரு தடவை நல்லாப் பாத்துடும்மா."

தலைமை நர்ஸ் மேஜை வரை வந்துவிட்டார்.

"முதல்ல பத்துக் குழந்தைங்களோட எடையைப் போட்டுச் சரிபார்ப்போம்" என்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "சந்தேகம் இருந்தா கேளுங்க. எழுதினவங்க லைன்லதான் இருக்காங்க."