சீக்கிரம் மூப்படையும் எலிகள்

“மறுபடியும் இளமை மருந்து கேட்டு யாராவது வந்திருக்காங்களா?” கையுறையைக் கழற்றியபடியே கேட்டார் ஆய்வுக்கூடத் தலைவி.

“ஆமா மேடம், ஒரு இளைஞர் வந்திருக்கார். நீங்க பார்க்க மாட்டீங்கன்னு சொல்லிப் பார்த்துட்டேன். நகர மாட்டேங்கறார். கூட ஒரு பெரியவரை வேற உட்கார வெச்சிருக்கார்” என்றார் காவலாளி.

கதவுக் கண்ணாடி வழியே தலைவி எட்டிப் பார்த்தார். முதுகு காட்டிக் கிடந்த பெஞ்சுக்கு மேலே ஒரு வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. நரம்பு புடைத்த அந்தத் தலையை மெல்லிய கழுத்து எப்படித்தான் தாங்குகிறதோ!

எலி ஆராய்ச்சி பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்ததிலிருந்தே அவருக்கு நிம்மதி போயிற்று. முடி கொட்டியவர்கள், முகம் சுருங்கியவர்கள், இரண்டாம் கல்யாணத்துக்குத் தயாராகிவிட்ட மாப்பிள்ளை ஒருவர். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம்.

இளைஞன் மட்டும் உள்ளே வந்தான். கசங்கிய பஸ் டிரைவர் சீருடை, தூக்கம் காணாத கண்கள்.

“உட்காருங்க. நீங்க கேட்டு வந்திருக்கறது நம்ம தசையிலேயே இருக்கற பொருள்தான். கார்னோசின்னு பேரு. எலிக்குக் கொடுத்துப் பார்க்கறோம், அவ்வளவுதான். மனுஷங்களுக்கு நான் தர முடியாது.”

அவன் அதைக் காதில் வாங்கினானா தெரியவில்லை. “அந்த எலிங்க பொறக்கும்போதே அப்படித்தான் இருக்குமா மேடம்?”

இதுவரை வந்தவர்களில் ஒருவரும் எலியைப் பற்றி விசாரித்ததில்லை. “இல்லை. பொறக்கறப்ப மத்த குட்டிங்க மாதிரிதான். அப்புறம் மடமடன்னு மூப்பு வந்துடும். அந்த வகையைத்தான் இங்க வளர்க்கறோம்.”

“மருந்து கொடுத்தா?”

“ரோமம் பளபளன்னு இருக்கும். முதுகு சீக்கிரம் கூன் விழாது. சுறுசுறுப்பா ஓடியாடும். ஆனா கடைசி நாள் தள்ளிப் போகும்னு சொல்ல முடியாது.”

“ஆயுசு கேட்டு வரலைங்க. அதை டாக்டருங்க எப்பவோ சொல்லிட்டாங்க.” அவன் குரல் இறங்கியது. “ஓடியாடினா போதும்.”

காலையிலிருந்து நின்றே வேலை பார்த்த முழங்கால்கள் அவருக்கு விண்விண்ணென்று தெறித்தன. எரிச்சல் எழுந்தது, அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. பெற்றவருக்காக இந்தக் காலத்தில் யார் இப்படி அலைகிறார்கள்?

“உங்க தவிப்பு புரியுதுப்பா. ஆனா உடம்புன்னா ஒருநாள் ஓயத்தான் செய்யும். மருந்து, மாத்திரைன்னு படுத்தாம, நிம்மதியா உட்கார்ந்திருக்க விடுங்க. இந்த வயசுல ஓடியாடி என்ன ஆகப்போகுது?”

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். வழுக்கைத் தலை ஒருபுறம் சரிந்து தூங்கிப்போயிருந்தது.

அவன் குரலில் கோபமில்லை. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவனும் களைத்திருந்தான்.

“எட்டு வயசுல ஓடியாடாம என் பையன் வேற எப்பங்க ஓடியாடுவான்?”