தர்சிகனுக்கு வைத்த நேர்த்தி

தேங்காய் உடையவில்லை.

தார் வீதியில் ஒருமுறை துள்ளி, உருண்டு போய், தடுப்புக் கம்பியோரம் நின்ற பொலிஸ்காரியின் சப்பாத்தில் முட்டி நின்றது. அவள் குனிந்து எடுத்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள்.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் தேர் பார்க்க வந்த சனம் அத்தனையும் இதைக் கண்டது. எறிந்தவன் யாரோ எவரோ என்றால் பரவாயில்லை. எறிந்தவன் தர்சிகன். பன்னிரண்டு வருடமாக அமெரிக்காவில் பேஸ்போல் விளையாட்டில் பந்து எறிவதற்கென்றே சம்பளம் வாங்கியவன்.

“அங்கையும் இப்பிடித்தான் எறிஞ்சனியோ?” என்று கேட்டார் சுபாஸ்கரன் மாமா. வீதியின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

தர்சிகன் இடக்கைக்காரன். சம்பளம் வாங்கியது அந்தக் கைதான். ஆனால் சுவாமிக்கு இடக்கையால் தேங்காய் அடிக்கக் கூடாது என்று அம்மா சந்திரவதனா வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே சொல்லிவிட்டாள். வலக்கையால் அவனுக்குச் சோறு சாப்பிடத் தெரியும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடத்தில் ஒன்பது அணிகள். பெரிய லீக்கின் வாசற்படியைக்கூட அவன் மிதித்ததில்லை. பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்கு பஸ்ஸில் போய், எறிந்து, களைத்து, கடைசியில் நன்றி சொல்லி அனுப்பப்படுவான். கொஞ்ச நாளில் வேறோர் அணி கூப்பிடும். சொந்தக்காரர் அவனிடம் சுகம் விசாரிப்பதையே விட்டுவிட்டார்கள். இப்போது எந்த டீம் என்றுதான் கேட்பார்கள்.

ஒவ்வொரு அணியும் அவனை நிறுத்திய மறுநாள், கோயில் வாசலில் சிதறிக் கிடக்கும் தேங்காயைப் படம் எடுத்து அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அடுத்த அணி கிடைக்க வேண்டும் என்று அம்மா அங்கே தேங்காய் அடிக்கிறாளே என்று அவன் உருகிப்போவான். சொல்லிவைத்தாற்போல அடுத்த அணியும் வரும். உடைமாற்றும் அறையில் அந்தப் படங்களைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறான். தங்களுக்கும் ஒன்று அடிக்கச் சொல்லிக் கேட்ட அமெரிக்கர்களும் உண்டு.

இந்த முறை படம் வரவில்லை. பங்குனியில் ஒன்பதாவது அணி நிறுத்தியதும் ஒருவரும் கூப்பிடாததால் அவனே வீட்டுக்கு வந்துவிட்டான். தேரன்று அவன் கையாலேயே அடிக்கட்டும் என்று அம்மா தேங்காயை வைத்திருந்தாள்.

வயது முப்பத்துமூன்று. மெக்சிக்கோவில் ஓர் அணி இன்றைக்கு முடிவு சொல்வதாக இருந்தது. அதுவும் இல்லையென்றால் எல்லாம் முடிந்தது, சுபாஸ்கரன் மாமாவின் பெற்றோல் ஷெட்டில் வேலைக்குப் போக வேண்டியதுதான். வேட்டி மடியில் செருகியிருந்த தொலைபேசி காலையிலிருந்து வாயே திறக்கவில்லை.

பந்து எறிகிறவர்கள் சகுனம் பார்க்காமல் சப்பாத்துக்கூடப் போடமாட்டார்கள். உடையாத தேங்காயை அவன் மடியிலிருந்த தொலைபேசிக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டான்.

சப்பாத்தில் பட்டது சுவாமிக்கு ஆகாது என்று அம்மா பையிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டினாள். அவன் அதை இடக்கையால் வாங்கினான். வாங்கிய கையிலேயே வைத்திருந்தான்.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. தேரைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், பிறகு குனிந்து சேலைக் கொய்யக மடிப்புகளைச் சரிசெய்யத் தொடங்கினாள். சுவாமி கேட்டால் தான் காணவில்லை என்று சொல்லலாம் அல்லவா.

அவன் காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி எறிந்தான்.

சீனவெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். தேங்காய்த் தண்ணீர் மாமாவின் பட்டு வேட்டி வரை தெறித்தது. சனம் கைதட்டியது, பொலிஸ்காரியும் தட்டினாள்.

“இனிக் கட்டாயம் கூப்பிடுவாங்கள், அம்மா!”

வெள்ளிக்கு வெள்ளி அம்மாவோடு கோயிலுக்கு வரும் லோஜினி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஐயோ தம்பி, கேட்டது கிடைச்சாப் பிறகுதானே நேர்த்திக்குத் தேங்காய் அடிக்கிறது.”

தர்சிகன் லண்டனில் பிறந்து வளர்ந்தவன். தேங்காய் என்பது முன்பணம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தான்.

அணி கிடைத்த பிறகு அவனுக்கு ஒரு படமும் வந்ததில்லை. வந்ததெல்லாம் அணி நிறுத்திய மறுநாள்தான்.

அவன் அம்மாவைப் பார்த்தான். கொய்யகம் எப்போதோ சரியாகிவிட்டது. அவள் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்ட ஒவ்வொரு முறையும் சுவாமி கொடுத்திருக்கிறார். மகன் வீட்டுக்கு வரப் பெட்டி கட்டி முடிப்பதற்குள் இன்னோர் அணி கொத்திக்கொண்டு போயிருக்கிறது. அவள் மறுபடி முதலிலிருந்து கேட்டிருக்கிறாள். சுவாமியும் பாவம், அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்து கொடுத்திருக்கிறார்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பந்து சொன்ன இடத்துக்குப் போவதில்லை என்று ஒன்பது பயிற்சியாளர்கள் சொல்லிச் சொல்லி அவனுக்குள் ஒரு வெட்கம் ஊறிக் கிடந்தது. அது இப்போது கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

“அப்ப என்ர பந்தில பிழையில்லையோ?”

“பந்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்?” என்றாள் அம்மா, நிமிராமலே. “நான் சுவாமியிட்ட பிள்ளையைத்தான் கேட்டனான்.”

அந்த நேரம் பார்த்து வேட்டி மடி அதிர்ந்தது. மெக்சிக்கோ. புதன்கிழமைக்குள் வந்து சேரும்படி எழுதியிருந்தார்கள்.

அம்மாவுக்கு அவன் முகமே போதுமாக இருந்தது. தேர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கைகூப்பினாள். உதடுகள் அசைந்தன.

என்ன கேட்கிறாள் என்று இந்த முறை அவனுக்குத் தெரியும். கேட்டு முடிக்கும் வரைக்கும், வெயில் படாமல் மறைத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்திலேயே நின்றான்.