நல்லாப் பாருங்க அண்ணே

"என்னய்யா இங்கன பார்வை? பொம்பளைகளப் பாத்ததே இல்லையா?"

பட்டாசுக் கம்பெனி வேன் கப்சிப் ஆனது. ஏழாயிரம்பண்ணையில் ஏறியதிலிருந்து பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பாண்டிலட்சுமி வாயைத் திறந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வேறு.

எதிர் சீட்டில் கருப்பணன். மருந்து கலக்குகிற ஆள், ஐம்பது வயதிருக்கும். அவள் கையைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், கடைசியில் கழுத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்தியும் மனுசன் கண்ணை எடுக்கவில்லை.

"தப்புத்தான் தாயி" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பாண்டிலட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாயிற்றே!

இறங்கும்போது அவர், கூட வேலை பார்க்கிற மூத்தவளான செல்லத்தாயின் காதில் ஏதோ சொன்னார். கோள் மூட்டுகிறார் என்று பாண்டிலட்சுமி நினைத்தாள்.

கம்பெனி வாசலில் செல்லத்தாய் கையை நீட்டினாள். "தாலிச் சரட்டுல ரெண்டு ஊக்கு தொங்குதுல்ல? கழட்டிக் குடு. இரும்பு உள்ள போகப்படாது. உரசி ஒரு பொறி விழுந்தாப் போதும், மருந்து பிடிச்சிரும்."

மறுநாள் வேனில் கருப்பணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பாண்டிலட்சுமியிடம் ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எல்லாரும் அந்தாளு பக்கமாக்கா? முறைச்சுப் பாத்தா கேக்கப்படாதா?"

"நானும் சேந்த புதுசுல கேட்டவதான்" என்றாள் செல்லத்தாய். "வாசல்ல செக் பண்றவுக அவசரத்துல விட்டுருவாக. இவரு கண்ணுக்குத் தப்பாது. ஊக்கு, கொண்டை ஊசி, எது இருந்தாலும் என்கிட்டச் சொல்லிருவாரு. பொம்பளைக கழுத்தப் பத்தி நேரா பேசக் கூச்சம் அவருக்கு. பதினாலு வருசமா எங்க ரூம்ல ஒரு பொறி விழுந்ததில்ல. இன்னைக்கு யாரையும் பாக்க மாட்டேங்காரு. அம்புட்டுப் பேரும் பயந்துக்கிட்டு வாறோம்."

பாண்டிலட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு குலுங்குகிற வேனில் எழுந்து, கருப்பணன் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள். சரட்டை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. நீங்க பாக்காம நான் உள்ள போகமாட்டேன்."

அவர் மெதுவாகத் திரும்பினார். கையைப் பார்த்தார். சரட்டைப் பார்த்தார். பார்வை கொண்டையில் நின்றது.

"செல்லத்தாயி..." என்று இழுத்தார்.

"என்கிட்டயே சொல்லுங்கண்ணே."

"கொண்டையில ஒரு ஊசி இருக்கு தாயி."

பழக்கதோஷத்தில் செருகியது. உருவி ஜன்னல் வழியே எறிந்தாள். நேற்றுத் திட்டியபோது வந்த பெருமையெல்லாம் இந்தச் சந்தோசத்துக்கு உறை போடக் காணாது.

இடத்துக்குப் போகலாம் என்று திரும்பினாள். வழியில்லை. வேனில் இருந்த அத்தனை பெண்களும், தங்களையும் பார்க்கச் சொல்லி, அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தார்கள்.