புகுந்த வீட்டுத் தெரு

"யார் கேட்டாலும் வாடகைக்கு வீடு பார்க்க வந்திருக்கோம்னுதான் சொல்லணும். வேற ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது!"

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக ஏசுராஜ் குடும்பத்துக்கே உத்தரவு போட்டார். மனைவி கிரேஸி, மகன் ஜோசுவா, மகள் ஜாஸ்மின் மூவரும் தலையாட்டினார்கள்.

ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ஒருநாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாரும் ராயபுரத்தின் இந்தச் சந்துக்கு வர மாட்டார்கள். பார்க்க ஒன்றுமில்லை. முனையில் கன்டெய்னர் லாரிகள், உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள், வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் குடங்கள். ஆனால் அந்த வரிசையில் பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டில்தான் ஏசுராஜ் பெற்ற பிள்ளை இனி வாழ வேண்டியிருக்கும்.

தெரிந்தவர் மூலமாக வந்த சம்பந்தம். அந்த வீட்டில் பூவம்மாள் என்கிற அம்மாவும் ஒரே பிள்ளையும்தான். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவைத் தனியே விட முடியாது, எல்லோரும் ஒன்றாக அங்கேயேதான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. மற்றதெல்லாம் பொருந்திப் போயிருந்தது. இரவுக்குள் ஏசுராஜ் பதில் சொல்ல வேண்டும். இடத்தைக் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"என்னா கிரேஸி, மீன் நாத்தம் ஜாஸ்தியா இருக்கே?"

"தோல் பதனிடற ஷாப்புக்குப் பின்னாடியே இத்தனை வருஷம் குடித்தனம் பண்ற மனுஷன் பேசற பேச்சா இது?"

"சந்துல ஆட்டோகூடத் திரும்பாது போலிருக்கு."

"நம்ம தெருவுல மட்டும் பஸ்ஸா திரும்புது?"

மனைவி எதற்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பூட்டியிருந்த பச்சைக் கதவைப் பார்த்ததும் அவளே கணவரின் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, நம்ம புள்ளைக்கு மீன்ல முள்ளு எடுக்கக்கூடத் தெரியாது. பசிச்சாலும் வாயைத் தொறந்து கேக்காது. இங்க யாருங்க 'சாப்ட்டியா'ன்னு கேப்பாங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன், இந்த சம்பந்தமே வேணாம்னு."

"காத்து நல்லா வருதுப்பா. எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் ஜாஸ்மின்.

"நீ சும்மா இரு! உன்னை யாரும் கேக்கல."

ஜோசுவா மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு தங்கைக்குப் பின்னால் நின்றான்.

எதிர்வீட்டு வாசலில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்த சம்பூர்ணம் இவர்களைக் கவனித்துவிட்டாள்.

"இன்னா சார், யாரைத் தேடறீங்கோ?"

"வாடகைக்கு வீடு பார்க்க வந்தோம்மா. அந்தப் பச்சைக் கதவு வீட்ல ஏதாவது போர்ஷன் காலியா இருக்குமா?"

"மாடில ஒரு ரூம் இருக்குது. பூவம்மா சர்ச்சுக்குப் போயிருக்குது, வந்துரும். குந்துங்க, ஆப்பம் துன்னுங்க."

நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஏசுராஜ் ஆப்பத்தைப் பிய்த்தபடி சாவகாசமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"அந்தம்மா ஆளு எப்படி?"

"பூவம்மாவா? வாய் ஜாஸ்தி. கத்துனாக்கா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

ஏசுராஜ் மனைவியை வெற்றியோடு பார்த்தார். கிரேஸி விடவில்லை.

"வீட்ல ஒருத்தர் லேட்டா எழுந்தா முகம் சுளிப்பாங்களா?"

"சுளிக்கும்."

"நேரத்துக்குச் சோறு போடுவாங்களா?"

சம்பூர்ணம் கரண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"அதைச் சொல்றேன், கேளு. போன வருஷம் மாடி ரூம்ல ஒரு வடநாட்டுப் பையன் இருந்தான். ஹார்பர்ல வேலை. மஞ்சக் காமாலை வந்து படுத்துட்டான். அவனுக்கு யாரும் இல்ல. பூவம்மா அவனைக் கீழ இட்டாந்து கூடத்துல படுக்க வெச்சுது. 'உன்னை எவன்டா கண்ட எடத்துல தண்ணி குடிக்கச் சொன்னது'ன்னு திட்டிக்கினே இருக்கும். திட்டிக்கினே கஞ்சியை ஊட்டி வுடும். அவன் எழுந்து நடக்குற வரைக்கும் அது ராவுல சரியாத் தூங்கல."

கிரேஸி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஏசுராஜுக்குக் காலையிலிருந்து தேடித் தேடிச் சேர்த்த குறைகளில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. தான் போட்ட உத்தரவும் மறந்துபோயிற்று.

"நம்ம புள்ளையையும் அவங்க அப்படிப் பார்த்துக்குவாங்க இல்லம்மா?" என்று கேட்டே விட்டார்.

"அப்பா!" என்று ஜாஸ்மின் அவர் கையைக் கிள்ளினாள்.

"கிள்ளாத பாப்பா. வாடகைக்கு வர்றவங்க தண்ணியைக் கேப்பாங்க, கரண்ட்டைக் கேப்பாங்க. சோறு போடுவாங்களா, முகம் சுளிப்பாங்களான்னு கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நீங்கதான் பூவம்மா சொன்ன ஆம்பூர்க்காரங்கன்னு," என்றாள் சம்பூர்ணம்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெட்கத்தில் முகம் சிவந்திருந்த ஜாஸ்மினைத் தாண்டிப் போய், பெஞ்சின் கோடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்த ஜோசுவாவின் முகவாயை நிமிர்த்திவிட்டுக் கிரேஸியிடம் திரும்பினாள்.

"கண் கலங்காதம்மா! எங்க பூவம்மா பொண்ணு கேத்தரினுக்கு வாழ்க்கைப்பட்டு வர்ற புள்ளைய நாங்க கண்ணு கலங்க வுட்ருவோமா?"