இங்கிலாந்திலிருந்து வந்த யோசனை

எட்டு மணி தாண்டியும் பூவம்மாவின் கதவில் அட்டை தொங்கவில்லை.

குணமணி கதவருகே விரைந்தாள். இரண்டு முறை தட்டினாள். மூன்றாவது முறை தட்டக் கையைத் தூக்கியபோது கதவு திறந்தது.

"மறக்கல லா. நீ தட்டுறியான்னு பாத்தேன்," என்றாள் பூவம்மா. பொக்கை வாய் நிறையச் சிரிப்பு.

கூட வந்திருந்த தனசேகரனும் சிரித்துவிட்டான். குணமணி சிரிக்கவில்லை. கிழவியின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு அடுத்த கதவுக்கு நடந்தாள்.

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் அந்த ஒற்றையறை வீடுகளில் வயதானவர்கள் பதினோரு பேர் தனியாகக் குடியிருந்தார்கள். பூவம்மா சிராங்கூன் ரோட்டிலிருந்து வந்தவள். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருபது வருடம் இருந்தாள். இருமினால் பக்கத்துத் தடுப்பிலிருந்து யாராவது திட்டுவார்கள். இங்கே நல்ல கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது. திட்டத்தான் ஆளில்லை.

காலை எட்டு மணிக்குள் அவரவர் வாசலில் ஒரு பச்சை அட்டையைத் தொங்கவிட வேண்டும். அட்டை தொங்காத கதவை யாராவது தட்ட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

குணமணி வேலை பார்த்த முதியோர் நலச் சங்கம் வருடத்துக்கு ஒருவரைப் பயண உதவித்தொகை கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும். போகிறவர் ஊருக்கு உதவுகிற ஒரு யோசனையோடு திரும்ப வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் குணமணி ஆறு மாதம் இங்கிலாந்து போய்வந்தாள். அவள் கொண்டுவந்த யோசனைதான் இந்த அட்டை. அங்கே வெகுகாலமாக நடக்கிற ஏற்பாடு என்று அறிக்கையில் எழுதியிருந்தாள். வாசித்தபோது கமிட்டி கைதட்டியது.

போன வருடம் மட்டும் அட்டையைக் காணாமல் இரண்டு கதவுகளை உடைத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். இப்போது இன்னும் நான்கு அடுக்குமாடி புளோக்குகளில் அட்டை மாட்டப்போகிறார்கள்.

இந்த வருட உதவித்தொகை, சங்கத்தில் கூட வேலை பார்க்கிற தனசேகரனுக்கு. வியாழக்கிழமை கப்பல். குணமணி போன அதே ஊருக்குத்தான் போகிறான்.

கடைசிக் கதவையும் பார்த்து முடித்துவிட்டு இருவரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். கீழே ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். தனசேகரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"மிஸ், அங்க அட்டைத் திட்டத்த நடத்துற ஆபீஸ் அட்ரஸ் கொடுங்க. மொத வேலையா அதைத்தான் போய்ப் பாக்கச் சொல்லியிருக்காங்க கமிட்டியில."

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று குணமணிக்குத் தெரியும்.

அந்த ஊரில் அப்படி ஓர் ஆபீஸ் இல்லை. அட்டையும் இல்லை.

இருந்தது ஒரு வாடகை அறை. மூன்றாம் மாடி. கிறிஸ்மஸுக்கு முதல் நாள் வீட்டுக்காரி மகள் வீட்டுக்குப் போனாள். மற்ற அறைகளில் இருந்தவர்களும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் குணமணிக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. படியில் இறங்க முடியவில்லை. குழாய்த் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வயிற்றுக்குள் போகவில்லை.

கத்திப் பார்த்தாள். குரல் அந்தக் கண்ணாடி ஜன்னலைத் தாண்டவில்லை. கீழே தெருவில் ஆட்கள் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், வந்தார்கள்.

அவள் எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் ஏழாவதாகப் பிறந்தவள். கல்யாணம் ஆகாவிட்டாலும், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ஒரு பொழுது போனதில்லை. அங்கே நான்கு நாள் போனது. நான்காம் நாள், குரல் இன்னும் இருக்கிறதா என்று தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கியது. திரும்பி வந்த வீட்டுக்காரி, பண்டிகை நன்றாகப் போனதா என்று கேட்டாள். நன்றாகப் போனது என்றாள் குணமணி.

ஊருக்குத் திரும்புகிற கப்பலில் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். தனக்கு நேர்ந்ததை எழுதினால் ஐயோ பாவம் என்பார்கள், காகிதத்தை மூடி வைப்பார்கள். இங்கிலாந்தில் இப்படிச் செய்கிறார்கள் என்று எழுதினால் செய்வார்கள்.

எழுதினாள். செய்தார்கள்.

தனசேகரன் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். பொய்யாக ஓர் அட்ரஸ் சொல்லி, இடம் மாறிப் போயிருப்பார்கள் என்று பிறகு சமாளிக்கலாம். அவன் நம்பவும் நம்புவான். தனியாக ஓர் ஊருக்குப் போகிறவனிடம் அதைச் சொல்ல அவளுக்கு நா வரவில்லை.

வீட்டு எண்ணைச் சொன்னாள். தெருப் பெயரைச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.

"அங்க யாரைப் பாக்கணும், மிஸ்?"

"யாரையும் பாக்க வேண்டாம், தம்பி. அது நான் இருந்த ரூம். அந்த ஊர்ல ஆபீசும் இல்ல, அட்டையும் இல்ல. நானா எழுதினதுதான். காய்ச்சல்ல தனியாக் கிடந்தேன், ஒருத்தரும் வரல. கமிட்டிகிட்ட நீங்க சொன்னாலும் எனக்குச் சரிதான்."

அவன் பேனாவை மூடினான்.

குணமணி அவன் பக்கம் திரும்பினாள். இரண்டு வருடமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்த ஒன்றைக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வந்து சொல்லுங்க. மூணாம் மாடி ஜன்னல்ல, யாராவது பாத்து வரட்டும்னு, என் செவப்புச் சால்வையைக் கட்டிவச்சிருந்தேன், நாலு நாளும். தெருவுல நின்னு பாத்தா அந்த ஜன்னல் தெரியுதா?"