நவம்பர் வெள்ளரிக்காய்

“கிழவா, இங்கே பாரு! இன்னைக்கும் கூடை நிறைஞ்சுபோச்சு. உன் கைராசிதான், போ!”

ருமியானா வெள்ளரிக்காய்க் கூடையைச் சமையலறை மேசைமேல் வைத்தாள். வெளியே நவம்பர் மாதத்து வாடைக்காற்று. அவள் கணவர் ஒக்னியானின் முன்னால் குளிரக் குளிர வெள்ளரித் தயிர் சூப். கோடையில் சாப்பிட வேண்டியது. அவருக்குப் பல் தந்தியடித்தது.

யாரை நோவது? ஊரார் கழற்றிப் போட்ட பழைய ஜன்னல்களையெல்லாம் அள்ளிவந்து, தோட்டத்துக் கோடியில் பசுமைக்குடில் கட்டியது அவர்தான். “பனி கொட்டினாலும் நம்ம வீட்டுல மட்டும் பச்சைக்காய் இருக்கும் பாரு!” என்று மீசையை முறுக்கியதும் அவர்தான். இருந்தது. இருந்துகொண்டே இருந்தது.

போன் மணியடித்தது. வர்னா நகரத்திலிருந்து மகள்.

“அப்பா, குழந்தைக்கு மூணு மாசம் ஆச்சு. எப்பதான் வந்து பாப்பீங்க?”

“வரணும்மா... வெள்ளரிக்கொடியை விட்டுட்டு எப்படி...”

“புரியுதுப்பா. உங்க மூக்கு பேத்திக்கு வரலை, அந்த வெள்ளரிக்காய்க்குத்தான் வந்திருக்கும்போல!”

மகள் போனை வைத்துவிட்டாள். அவர் சூப் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

“ஏன் கிழவி, பக்கத்து வீட்டு மித்கோவைப் பாத்துக்கச் சொல்லிட்டு, நாம ஒரு எட்டு போயிட்டு வருவோமா?”

“அவனா? ஆட்டை உள்ளே விட்டுட்டு வேடிக்கை பார்ப்பான்” என்றாள் ருமியானா, தலை நிமிராமல் காய்களைத் துடைத்தபடி.

இவளிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கொடிகளோடு பேசுகிறாள், கம்பளி போர்த்துகிறாள், உயிரையே வைத்திருக்கிறாள். போதும் என்றால் மனசு ஒடிந்துபோவாளே!

அன்று சாயங்காலம், ராத்திரி கடும் உறைபனி பெய்யும் என்று வானொலியில் சொன்னார்கள். ருமியானா கோழிகளை அடைக்கப் போனாள். ஒக்னியான் மெல்லப் பின்கட்டுக்கு நழுவினார். குடிலுக்குள் இருக்கும் ஹீட்டருக்கு அங்கேதான் பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்று காட்ட ஒரு சின்ன விளக்குகூடக் கிடையாது. அதுவும் அவர் கைவேலைதான்!

‘வெள்ளரிக்கொடியோடு மல்லுக்கு நிற்கும் மகாவீரன்’ என்று தன்னைத்தானே வைதுகொண்டு, பொத்தானை அமுக்கினார்.

காலையில் தோட்டமெங்கும் வெள்ளை வெளேரென்று உறைபனி. துக்கமுகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே குடிலின் கதவைத் திறந்தார். கதகதவென்று வெப்பம் முகத்தில் அடித்தது. கொடிகள் ஜம்மென்று நின்றன. போதாததற்குப் புதுப் பூக்கள் வேறு.

பின்னாலேயே வந்த ருமியானா, பேயைக் கண்டவள்போல விழித்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“கிழவி, என்னை நல்லாத் திட்டு. இது செத்தாலாவது பேத்தியைப் போய்ப் பாக்கலாம்னு, நேத்து நான்தான் ஹீட்டரை அணைச்சேன். எப்படிப் பிழைச்சுதுன்னே தெரியலை.”

ருமியானா வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“பாவி மனுஷா! நீ ஆசை ஆசையாக் கட்டினதாச்சே, போதும்னு வாய்விட்டு எப்படிச் சொல்றதுன்னு, கோழியை அடைச்சுட்டு வந்த கையோட நானுமில்ல அந்தப் பொத்தானை அமுக்கினேன்!”