இரண்டாம் பொத்தான்

அழகிரியின் காரில் அத்தனைக்கும் பொத்தான். பாதி எதற்கென்று அவனுக்கே தெரியாது. டிரைவர் பக்கக் கதவில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தது. ஒன்றை அழுத்தினால் சீட்டும் பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிகளும் அவன் அளவுக்கு வந்து நிற்கும். ஊரே தன்னை இரண்டாந்தாரம் என்கிறது, அப்போது இரண்டு தனக்குத்தான் என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுத்தினாள் மங்கை. சீட் முனகியபடி முன்னால் போய் அவள் முட்டியை ஸ்டியரிங்கில் இடித்தது. பக்கக் கண்ணாடிகள் கீழ்நோக்கிச் சாய்ந்தன. செத்துப்போன மூத்தவளுடைய சின்னச் சின்ன ஜாக்கெட்டுகள் பீரோவில் இன்னும் கிடப்பது நினைவுக்கு வந்தது.

"அக்கா அளவை இன்னும் அழிக்கலையா?"

பக்கத்தில் அவன் முகம் வெளுத்தது. "அவ போனப்புறந்தானே காரே வாங்கினேன்."

எட்டித் தன் எண்ணான ஒன்றை அழுத்தினான். சீட் பின்னால் போகாமல் இன்னும் ஒரு விரற்கடை முன்னால் வந்தது.